நாலு சுற்று கூடிப்போன செட்

புக்கிட் காதிலில் எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். அவனும் அவன் கூட்டாளிகளும் ஏதோ பத்திரிகை நடத்துகிறார்கள். "ஆன்ட்டி, ஓப்பன் சோர்ஸ்னு ஒண்ணு இருக்கு. எப்படிச் செஞ்சோம்னு எல்லாத்தையும் வெளியில வச்சிடுவோம். யாரு வேணும்னாலும் பாக்கலாம், திருத்தலாம். ஆனா சாதாரணமா அத வச்சிருக்கிறவங்களே பிழையத் திருத்தலாமா, இல்ல வேல தெரிஞ்சவங்ககிட்ட விட்டுடணுமான்னு எங்களுக்குள்ள சண்ட. நீங்க அந்தக் காலத்து ரேடியோ ஆளு. எழுதிக் குடுங்களேன்" என்றான்.

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனால் அவன் சொன்ன மாதிரியே நடந்த ஒரு கடையில் நான் வேலை பார்த்திருக்கிறேன். மலாய் நாட்டுச் சுதந்திரத்துக்கு முந்தைய வருஷம், காஜா பேராங்கில். அங்கே நடந்த ஒன்றை இத்தனை வருஷமாக முழுதாக யாரிடமும் சொன்னதில்லை. இப்போது சொல்லிவிடுகிறேன்.

1. மூடிக்குள் ஒட்டிய படம்

கடை யூசுப் ராவுத்தருடையது. அவர் வீடு இரண்டு மைல் தள்ளிப் பண்டார் ஹிலிரில். காலையில் சைக்கிளில் வருவார். இரண்டு வால்வ் பேட்டரி ரேடியோ செட்டுகளை நாங்களே செய்து விற்றோம். கரண்டு இழுக்காத வீடுகள் அப்போது நிறைய. சுதந்திரம் வரப்போகிறது என்ற பேச்சு ஊரெல்லாம் இருந்ததால், செய்தி கேட்க ஆளாளுக்கு ஒரு செட் வேண்டும் என்றார்கள்.

மற்ற கடைகளில் செட்டின் பின்பக்கத்தை ஸ்குரூ போட்டு இறுக்கி, மேலே அரக்கு முத்திரையும் வைப்பார்கள். பிரித்தால் பொறுப்பில்லை என்பார்கள். எங்கள் முதலாளி நேர் எதிர். மூடியை வெறும் கொக்கியில் மாட்டுவார். மூடியின் உள்பக்கம் செட்டின் முழுப் படத்தையும் தமிழில் எழுதி ஒட்டுவார்: எந்த வயர் எங்கே போகிறது, எந்தக் காயிலுக்கு, அதாவது கம்பிச் சுருளுக்கு, எத்தனை சுற்று, எல்லாம். படத்துக்குக் கீழே கோடு போட்ட வெற்றுத் தாள் ஒன்று. வாங்குகிறவர்களிடம் ஒரே பாட்டைப் பாடுவார்.

"தொறந்து பாருங்க. கெட்டா நீங்களே சரி பண்ணிப் பாருங்க. என்ன மாத்துனீங்கன்னு இந்தத் தாள்ல எழுதுங்க. அப்புறம் கடைக்கி வந்து ஒரு வார்த்த சொல்லுங்க. நோட்டுல பதிஞ்சு மத்தவங்களுக்கும் சொல்லிடுவோம். நாட்டையே நாமளே பாத்துக்கப் போறோம், ஒரு ரேடியோப் பெட்டியப் பாத்துக்க முடியாதா?"

அந்த நோட்டு நீல அட்டை போட்டது, கவுண்டரில் கிடக்கும். யார் வந்து என்ன சொன்னாலும் பதிய வேண்டியது என் வேலை. இன்னொரு வேலை, காயில் சுற்றுவது. துணியில் பூத்தையல் போடும்போது கண்ணிகளைப் பிசகாமல் எண்ணுகிறவள் என்று யாரோ சொல்லித்தான் முதலாளி என்னைக் கூப்பிட்டார். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. பெண் பிள்ளைக்கு இந்த வேலை எதற்கு என்று கேட்காதவர் இல்லை. அவர்கள் வாயை அடைக்கவாவது ஒரு தப்பும் செய்யக் கூடாது என்ற வீம்பு எனக்கு. கேடு வந்தது அந்த வீம்பில்தான்.

2. வெந்த விரல் நுனி

எங்கள் செட்டின் உயிர் ரியாக்‌ஷன் காயில். வால்விலிருந்து வெளியே வரும் சத்தத்தில் கொஞ்சத்தைத் திருப்பி உள்ளே ஊட்டும் சின்னக் காயில் அது. சுற்று குறைந்தால் செட் முனகும். கூடிவிட்டால் இன்னும் மோசம். செட் கேட்பதை விட்டுவிட்டுத் தானே கத்த ஆரம்பித்துவிடும். அந்தக் கத்தல் அதன் ஏரியல் வழியே காற்றில் ஏறி, அக்கம்பக்கத்துச் செட்டுகளிலெல்லாம் ஊளையாய்க் கேட்கும். படத்தில் பதினாறு சுற்று என்று போட்டிருந்தது.

நான் வலது கையால் கம்பியைச் சுற்றிக்கொண்டே இடது கையில் எண்ணுவேன். பெருவிரலால் மற்ற நான்கு விரல்களையும் தொட்டு வருவேன். விரலுக்கு மூன்று கணு, மேலே நுனி ஒன்று, ஆக நாலு. நாலு விரலுக்குப் பதினாறு. அந்தக் கை முடிந்தால் காயிலும் முடிந்தது. பேசிக்கொண்டே சுற்றினாலும் பிசகாது.

ஒரு தடவை, ஈயம் உருக்கும் சூட்டிலிருந்த சால்டரிங் அயர்ன் மேசையிலிருந்து நழுவியது. யோசிக்காமல் இடது கையால் பிடித்துவிட்டேன். நாலு விரல் நுனியும் வெந்து போயின. விடுப்புக் கேட்டால் "பொம்பளப் புள்ளைக்கி இந்த வேல எதுக்கு" என்ற பாட்டு மறுபடி வரும். கேட்கவில்லை. அந்த வாரம் இரண்டு டஜன் காயில் சுற்றினேன். நுனி பட்டால் உயிர் போனது. அதனால் பெருவிரல் தானாகவே நுனிகளைத் தாண்டிப் போய்விட்டது. கணுக்களை மட்டும் தொட்டேன். கை முடிந்தது, காயிலும் முடிந்தது என்று மெழுகு ஊற்றி மூடினேன்.

மூன்று நாலு பன்னிரண்டு. எனக்கு அது தெரிய இரண்டு மாதம் ஆனது. "சத்தம் சன்னமா வருது" என்று ஒரு செட் திரும்பி வந்தது. மெழுகைச் சுரண்டி எண்ணிப் பார்த்தேன். பன்னிரண்டுதான் இருந்தது.

நோட்டில் எழுதியிருக்க வேண்டும். "இன்ன மாதத்துச் செட்டுகளில் நாலு சுற்று குறைவு" என்று ஒரே வரி. எழுதவில்லை. மெழுகின் மேலேயே இன்னும் நாலு சுற்று சுற்றி, மறுபடி மெழுகு ஊற்றி, "கடல்காத்து ஈரம் ஏறிப்போச்சு, வேற ஒண்ணுமில்ல" என்று சொல்லி அனுப்பினேன். அடுத்து வந்ததற்கும் அதே வைத்தியம், அதே பொய். அந்த இரண்டு டஜனிலும், எந்த வாரம் செய்தது என்பதற்கு அடையாளமாக, பெட்டிக்கு அடியில் நீலச் சாக்கட்டியில் ஒரு புள்ளி வைத்திருந்தோம். புள்ளியைப் பார்த்தால் போதும். படத்தைப் பார்க்கத் தேவையில்லாமல் கை தானே வேலையை முடித்துவிடும்.

3. அஞ்சலை

ஒரு நாள் மத்தியானம், முதலாளி தொழப் போயிருந்த நேரம், ஒரு பெண் வந்தாள். நிறைமாதத்துக்குக் கொஞ்சம் முந்தின வயிறு. நடந்து வந்த களைப்பில் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கூடையைத் தரையில் வைக்கக்கூட அவளால் குனிய முடியவில்லை.

"அக்கா, என் பேரு அஞ்சலை. உங்க கடச் செட்டுதான் வச்சிருக்கோம். சத்தம் கம்மியா இருந்துச்சு. படத்துல ரியாக்‌ஷன் காயிலு பதினாறுன்னு போட்டிருக்கா? மெழுகச் சுரண்டி எண்ணிப் பாத்தேன். பன்னெண்டுதான் இருக்கு."

நான் நோட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"நானே நாலு சுத்திட்டேன்" என்று சிரித்தாள். "இப்ப கணீர்னு கேக்குது. மத்த வீட்டுலயும் இப்படித்தான இருக்கும்? சொல்லிடுங்கக்கா. பாவம், எல்லாம் பெட்டியில காத வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்காங்க."

படித்தவர்களே மூடியைத் திறக்கப் பயந்த காலம் அது. இந்தப் பெண் படத்தைப் பார்த்து, எண்ணி, பிழையைப் பிடித்து, கம்பி தேடிச் சுற்றி, ஊர் நன்மைக்காக இந்த வெயிலில் நடந்தும் வந்திருக்கிறாள். நான் அவளைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் என்ன சொன்னேன் தெரியுமா?

"சரி சரி, பதியிறேன். இனிமே இப்படித் தொறந்து நோண்டாத. புள்ளத்தாச்சி. ஷாக் அடிச்சா யாரு பதில் சொல்றது?"

அவள் முகம் சுருங்கிப்போனது. "சரிக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். நோட்டைத் திறந்தேன், பேனாவையும் எடுத்தேன். முதலாளியின் சைக்கிள் மணி கேட்டதும் மூடிவிட்டேன்.

சில வாரம் கழித்து, பிரசவத்தில் அஞ்சலை என்று ஒரு பெண் இறந்துவிட்டாள், பிள்ளை பிழைத்துக்கொண்டது என்று கடையில் யாரோ பேசினார்கள். எனக்கு முதலில் வந்தது துக்கமில்லை. அப்பாடா, இனி அது வெளியே வராது என்ற நிம்மதிதான். இதை எழுதும்போதுகூடக் கூசுகிறது. ஆனால் அதை மறைத்தால் மீதிக் கதைக்கு அர்த்தமில்லை.

4. விளக்கு வைக்கும் நேரத்து அழுகை

சின்னையா என்று ஒரு லோரி டிரைவர். காஜா பேராங்கில் செட்டி வீடுகளுக்குப் பின்னால் போகும் ஒரு சந்தில் வீடு. ஆள் முரடு, ஆனால் நல்லவர். ஒரு நாள் காலையில் செட்டைக் கொண்டுவந்து கவுண்டரில் தொப்பென்று வைத்தார்.

"இத நீங்களே வச்சுக்குங்க. இதுல பொம்பள அழுவுது."

"என்ன அழுவுது?" என்றார் முதலாளி.

"வெளக்கு வைக்கிற நேரம் செய்தி வருதா? அதுக்குள்ள ஒரு கொரலு. ஊ...ன்னு மேல ஏறும், அப்படியே எறங்கும். மறுபடியும் ஏறும். மூச்சு வாங்கி அழுவுற மாதிரி. ஏழர மணி வாக்குல தன்னால நின்னுடும். என் வீட்டுல மட்டும்னு நெனச்சேன். சந்துல எல்லா வீட்டுலயும் அதே நேரத்துக்குக் கேக்குது."

அவர் சொன்னதுபோலவே அடுத்தடுத்து நாலைந்து பேர் வந்தார்கள். அந்தச் சந்தில் செட்டி வீட்டு அம்மாள் ஒருவர், லெட்சுமி. எல்லோரும் பிபிக் லெட்சுமி, அதாவது லெட்சுமி அத்தை, என்றுதான் கூப்பிடுவோம். செட்டி மக்கள் பல தலைமுறைக்கு முன்பே இங்கே குடியேறிய தமிழ் வம்சம், ஆனால் வீட்டில் பேசுவது மலாய். தமிழில் அங்கொரு வார்த்தை இங்கொரு வார்த்தை. பிபிக் வந்து கவுண்டரில் குனிந்து, யாருக்கும் கேட்கக் கூடாது என்பதுபோலச் சொன்னார்: "இத்து புக்கான் ரேடியோ. இத்து பொந்தியானா."

ரேடியோ இல்லை, பொந்தியானா. பிரசவத்தில் செத்தவள் திரும்பி வந்து பிள்ளையைத் தேடி அழுவாள் என்பது இந்த ஊரில் மலாய்க்காரர், சீனர், நம்மவர் எல்லோருக்கும் பொதுவான பயம். பிபிக் இன்னொன்றும் சொன்னார். அழுகை பெரிதாகக் கேட்டால் அவள் தூரத்தில் இருக்கிறாள். சத்தம் சன்னமாகச் சன்னமாக அவள் கிட்டே வருகிறாள். கேட்காமலே போய்விட்டால் உன் பக்கத்தில் நிற்கிறாள்.

அந்தச் சந்தில் பிரசவத்தில் செத்தவள் ஒருத்திதான். அஞ்சலை.

அவள் புருஷன் கோவிந்தன் பஸ் கண்டக்டர். பகலெல்லாம் பிள்ளையை பிபிக்தான் வைத்திருந்து பால் புகட்டினார். அழுகை கேட்க ஆரம்பித்ததும் அதை நிறுத்திவிட்டார். வேறு எந்த வீட்டிலும் பிள்ளையைத் தொடத் தயாராக இல்லை. அது அவளுடைய பிள்ளை, கேட்டு வருவாள் என்றார்கள். கோவிந்தன் வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் கிடந்தான்.

முதலாளி நோட்டை முன்னும் பின்னும் புரட்டினார். "எவனோ செட்ட நோண்டி ரியாக்‌ஷன ஏத்தி வச்சிருக்கான். அதுதான் கத்துது. ஆனா யாரும் எதுவும் மாத்துனதா இதுல இல்லியே, ராஜம்மா?"

"இல்ல மொதலாளி" என்றேன்.

அன்று இன்னொன்றும் சொன்னார். "நேத்து எங்க வீட்டு செட்டுலயும் கேட்டுச்சு. பண்டார் ஹிலிருக்கு அது எப்படி வந்துச்சுன்னுதான் எனக்குப் புரியல." அவர் அதோடு விட்டுவிட்டார்.

5. ஆணி

புதன்கிழமை கோவிந்தனே கடைக்கு வந்தான். மூன்று மாதப் பிள்ளையைத் துண்டில் கட்டித் தோளில் போட்டிருந்தான். ஏற்கெனவே பார்த்த முகமாக இருந்தது. எங்கே என்று நினைவு வரவில்லை.

"மொதலாளி, உங்க பேச்சுக்கு மரியாத இருக்கு. நீங்க வந்து சொல்லணும். வெள்ளிக்கெழம பேயோட்டுற போமோவக் கூட்டிட்டு வர்றாங்க. அஞ்சலைய பொதச்ச எடத்துல, தல மாட்டுல இரும்பு ஆணி அடிக்கணுமாம். அடிச்சா அவ எந்திரிக்க மாட்டாளாம்." பிள்ளையின் தலையைக் கையால் மூடிக்கொண்டான். "பிரசவத்துல பட்ட வலி போதாதா அவளுக்கு? செத்ததுக்கு அப்புறமும் தலையில ஆணியா?"

"அது அவ இல்லப்பா. ரேடியோக் கோளாறு" என்றார் முதலாளி.

கோவிந்தன் தலையை ஆட்டினான். "எனக்கும் கேக்குது மொதலாளி. அவதான். எனக்குத் தெரியும். ஆனா அவ யாருக்கும் கெடுதல் பண்ண மாட்டா. புள்ளைய நெனச்சு அழுவுறா. அழட்டுமே. ஆணி மட்டும் வேணாம்."

பிள்ளை என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. நான் எழுந்து உள்ளே போய்விட்டேன்.

6. சத்தம் அடங்கும் பக்கம்

மறுநாள் வியாழக்கிழமை சாயங்காலம் முதலாளி ஒரு செட்டைப் பிரம்புக் கூடையில் வைத்து, மேலே மரச்சட்டத்தில் கம்பி சுற்றிய ஏரியல் ஒன்றை நிறுத்தினார். கூடையை நான் தூக்கினேன், சட்டத்தை அவர் திருப்பினார். அந்தச் சட்ட ஏரியலுக்கு ஒரு குணம் உண்டு. அதைத் திருப்பிக்கொண்டே வந்தால் ஒரு நிலையில் சத்தம் அடங்கிவிடும். அப்போது சட்டத்தின் முகம் எந்தத் திசையைப் பார்க்கிறதோ அங்கேதான் சத்தம் பிறக்கிறது.

சந்து முனையில் சின்னையாவும் பிபிக்கும் இன்னும் பத்துப் பேரும் நின்றார்கள். வானம் செம்மண் நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. வீடுகளில் விளக்கு ஏற்றத் தொடங்கினார்கள். சிங்கப்பூர்ச் செய்தி ஆரம்பித்து இரண்டு நிமிஷம் இருக்கும், கூடைக்குள் அந்தக் குரல் எழுந்தது.

ரியாக்‌ஷன் ஊளையை நான் கடையில் நூறு தடவை கேட்டிருக்கிறேன். அது விசில் மாதிரி ஒரே நிலையில் நிற்கும். இது அப்படி இல்லை. ஏறியது, தயங்கியது, இறங்கியது. ஒரு மூச்சு அளவுக்கு நின்றது. மறுபடி ஏறியது. சொல்லிவைத்த மாதிரி ஒரே தாளம். விம்முகிற பெண்ணின் தொண்டையில் வரும் அதே ஏற்றம், அதே இறக்கம். காரணம் தெரிந்த எனக்கே முதுகு கூசியது.

முதலாளி சட்டத்தை மெல்லத் திருப்பினார். குரல் சன்னமானது. இன்னும் திருப்பினார். நூல் அளவுக்கு இளைத்தது. பிறகு இல்லவே இல்லை. சட்டம் கோவிந்தன் வீட்டுக் கதவைப் பார்த்து நின்றது.

பின்னால் பிபிக், "டெக்காட்... சூடா டெக்காட்" என்று முணுமுணுத்தார். கிட்டே, ரொம்பக் கிட்டே. எங்கள் தொழில் காட்டியதும் அவர் பயம் காட்டியதும் அன்று ஒரே கதவாக இருந்தது.

7. ஏணை

கதவு சாத்தியிருந்தது, தாழ் இல்லை. முதலாளி தள்ளினார். உள்ளே ஒரு சிமினி விளக்கு. உத்தரத்தில் சேலையால் ஏணை கட்டியிருந்தது. பெரிய பூப்போட்ட பச்சைச் சேலை. அதை ஒட்டினாற்போல் மேசையில் எங்கள் கடைச் செட். கோவிந்தன் தரையில் உட்கார்ந்து ஏணையின் கயிற்றை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தான். ஏணை செட்டை நெருங்கியபோது குரல் ஏறியது. விலகியபோது இறங்கியது. நெருங்கியபோது மறுபடி ஏறியது.

வாசலில் நின்றவர்கள் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார்கள்.

"ஏன் செட்ட இங்க போட்டு வச்சிருக்க?" என்றார் முதலாளி மெதுவாக.

"புள்ள கேக்கட்டும்னுதான்" என்றான் கோவிந்தன். "வேற எங்க கேக்கும் அவ கொரல? ஏணைய ஆட்டுனா அழுவுறா. நிறுத்துனா நிறுத்திடுறா. புள்ள தூங்குனதும் செட்ட அணச்சிடுவேன்."

முதலாளி போய் ஏணையைக் கையால் பிடித்து நிறுத்தினார். குரல் ஒரே நிலையில் நின்றது, வெறும் விசில். கையை விட்டார். ஏணை ஆடியது. விம்மல் திரும்ப வந்தது. கத்துகிற செட்டுக்குப் பக்கத்தில் ஆளோ கையோ போனால் சுருதி மாறும் என்பது எங்களுக்குப் பாலபாடம். இங்கே பிள்ளையின் உடம்பு போய் வந்துகொண்டிருந்தது. ஊரெல்லாம் கேட்ட அழுகை அந்த ஏணையின் ஆட்டம்தான்.

முதலாளி செட்டை அணைத்துச் சாய்த்தார். அடியில் நீலப் புள்ளி. அப்போதுதான் எனக்குக் கோவிந்தனை எங்கே பார்த்தேன் என்பது நினைவுக்கு வந்தது. போன மாதம் இதே செட்டைச் "சத்தம் வரல" என்று கொண்டுவந்தவன். ஓய்ந்துபோன பேட்டரிதான் உண்மைக் கோளாறு. நான் அடியில் புள்ளியைப் பார்த்தேன். மூடியைக் கழற்றி மேசையில் கவிழ்த்து வைத்தேன். மெழுகின் மேல் நாலு சுற்று சுற்றினேன். கடையின் பலம் குறைந்த பழைய பேட்டரியில் போட்டுப் பார்த்தேன், கத்தாமல் பாடியது. "வீட்டுல புது பேட்டரி மாத்திக்குங்க" என்று சொல்லி அனுப்பினேன். கவிழ்த்த மூடியின் உள்பக்கத்தைப் பார்க்கவே இல்லை.

முதலாளி மூடியைக் கழற்றி விளக்கில் காட்டினார். "இதுல என்னமோ எழுதியிருக்கு. எனக்குக் கண்ணாடி இல்ல. கோவிந்தா, படி."

கோவிந்தன் வாங்கினான். "இது அவ எழுத்து" என்றான். பிறகு பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு சொல்லாகப் படித்தான்.

"ரியாக்‌ஷன் காயில் பன்னிரண்டுதான் இருந்தது. நாலு சுற்றுக் கூட்டிப் பதினாறு ஆக்கினேன். இப்போது நன்றாகக் கேட்கிறது. கடையில் சொன்னேன். ராஜம்மா அக்கா பதிகிறேன் என்றார்."

அறையில் அத்தனை பேரும் என்னைத்தான் பார்த்தார்கள். முதலாளி மட்டும் பார்க்கவில்லை. மூடியின் ஓரத்தைத் தடவிக்கொண்டு நின்றார். அது எனக்கு அடியைவிட வலித்தது.

"பன்னெண்டு சுத்துனது நான்" என்றேன். "அவங்க கண்டுபிடிச்சு வந்து சொன்னாங்க. மானம் போயிடும்னு பதியல. போன மாசம் இந்தச் செட்டு வந்தப்ப, தாளப் பாக்காம நானும் நாலு சுத்திட்டேன். இருவது ஆயிடுச்சு."

சின்னையா வாசலிலிருந்து கேட்டார்: "அப்ப ராத்திரியானா அழுதது அஞ்சலை இல்லியா?"

"இல்ல. நான்தான்."

உட்கார்ந்து காயிலைக் கழற்றினேன். மேல் மெழுகைச் சுரண்டி என் நாலு சுற்றைப் பிரித்தேன். அதன் கீழே மெழுகுவத்தி உருக்கி ஊற்றிய வெள்ளை மெழுகு, அதற்குள் அவள் சுற்றிய நாலு. சுற்றுக்குச் சுற்று இடைவெளி பிசகாமல், முனையில் என்னுடையதைவிடச் சுத்தமான முடிச்சு. அதைத் தொடவில்லை. அப்படியே திரும்ப மாட்டினேன்.

செட்டைப் போட்டதும் செய்தி கணீரென்று வந்தது. முதலாளி ஏணையை ஆட்டிவிட்டார். நெருங்கியது, விலகியது. செய்தி வாசிப்பவர் குரல் மட்டும்தான். வாசலில் யாரோ "முருகா" என்று பெருமூச்சு விட்டார்கள்.

கோவிந்தன் என் பக்கம் திரும்பினான். திட்டுவான் என்று நினைத்தேன்.

"இனிமே கேக்காதாக்கா?"

இனிக் கேட்காது என்று தலையை ஆட்டினேன். அவன் ஏணையின் கயிற்றை விட்டுவிட்டு, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். ஏணை நின்றதும் பிள்ளை விழித்துக்கொண்டு வீரிட்டது. சந்து முழுக்கக் கேட்டிருக்கும், எந்த ரேடியோவும் இல்லாமல். பிபிக் லெட்சுமி இரண்டு பேரை இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, பிள்ளையை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு, "லாப்பார் லா, புடாக் இனி" என்று எங்கள் எல்லோரையும் அதட்டினார். பிள்ளைக்குப் பசியாம். அதைக் கவனிக்க ஒரு ஆள் இல்லையாம்.

போமோவிடம் வர வேண்டாம் என்று சின்னையாவே போய்ச் சொல்லிவிட்டார்.

8. இருபத்து நாலு வீடு

முதலாளி என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. மறுநாள் காலை நீல நோட்டை என் கையில் கொடுத்தார். "புள்ளி வச்ச இருவத்து நாலு செட்டும் எங்க இருக்கோ அங்க எல்லாம் போ. நடந்தத சொல்லு. அவங்க சொல்றத எழுதிக்கிட்டு வா."

அவ்வளவுதான். அதற்குப் பதில் என்னை அடித்திருக்கலாம்.

வீடு வீடாக ஏறி, "உங்க செட்டுல நான் தப்புப் பண்ணிட்டேன்" என்று சொன்னேன். ஏழு வீடுகளில் அவர்களே எப்போதோ சரி செய்திருந்தார்கள். ஒருவர் சுற்றைக் கூட்டியிருந்தார். ஒருவர் ஏரியலை நீட்டியிருந்தார். ஒரு கிழவர் வால்வையே மாற்றியிருந்தார். ஏன் கடைக்கு வந்து சொல்லவில்லை என்றேன். "எனக்குக் கேட்டுச்சு, அது போதும்னு இருந்துட்டேன்" என்றார் ஒருவர். "நீங்கதான ஈரக்காத்துன்னு சொன்னீங்க" என்றார் இன்னொருவர். அதற்கு நான் என்ன சொல்வது?

நோட்டில் முதல் வரியை நான் எழுதினேன். "ரியாக்‌ஷன் காயில் நாலு சுற்று குறைவு. பிழை: ராஜம்மா. கண்டுபிடித்துத் திருத்தியவர்: அஞ்சலை, கோவிந்தன் மனைவி, காஜா பேராங்." அதற்குப் பிறகு ஒட்டிய எல்லாப் படத்திலும், பதினாறு என்ற இடத்துக்குப் பக்கத்தில் "எண்ணிப் பார்க்கவும் - அஞ்சலை" என்று முதலாளி எழுதினார். வாங்குகிறவர்கள் அது யார் என்று கேட்பார்கள். நானே சொல்வேன்.

அடுத்த வருஷம் சுதந்திர நாள் காலையில் அந்தச் சந்தே கோவிந்தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து செய்தி கேட்டது. சந்திலேயே தெளிவாகக் கேட்டது அந்தச் செட்தான். பிள்ளை பிபிக் மடியில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது.

ஒன்று மட்டும் இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. இரண்டு வால்வ் செட்டின் கத்தல் நாலு தெருத் தாண்டினால் பெரிது. பண்டார் ஹிலிரில் முதலாளி வீட்டுக்கு அது எப்படிப் போனது? பின்னால் எத்தனையோ தடவை கணக்குப் போட்டுப் பார்த்தேன், போகாது. முதலாளியிடம் கேட்டேன். "சிலது நோட்டுல ஏறாது, விடு" என்றார்.

பக்கத்து வீட்டுப் பையா, உன் கேள்விக்கு என் பதில் இது. சாதாரண ஆள் திறக்கட்டும், திருத்தட்டும். அஞ்சலை திறந்ததால் ஒரு கேடும் வரவில்லை. எங்கள் கடையிலேயே ஒழுங்காக எண்ணியவள் அவள்தான். கேடு வந்தது, வேலை தெரிந்த நான் அவள் சொன்னதைப் பதியாமல் விட்டதால். திருத்துகிறவர்கள் எழுதி வைக்க வேண்டும். வேலை தெரிந்தவர்கள், சொல்ல வருகிறவர்களின் முகத்தைச் சுருங்க வைக்காமல் கேட்க வேண்டும்.

நாற்பது வருஷம் அந்த வேலை பார்த்தேன். அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு, எந்தப் பெட்டி வந்தாலும் கருவியைக் கையில் எடுக்கும் முன்பு மூடியைக் கழற்றித் திருப்பிப் பார்ப்பேன். எனக்கு முன்னால் யாராவது எழுதி வைத்திருப்பார்கள்.